மூன்றாம் நாள் கையில் மண்வெட்டி

கென்யாவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். நைரோபியில் கணக்குத் தணிக்கை வேலை. 2006-இல் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே அலுவலக நண்பர் ஒருவர் தன் அம்மாவின் ஊருக்கு என்னைக் கூட்டிப் போனார். மொம்பாசா சாலையில் இரண்டு மணி நேரம், அதிலிருந்து பிரியும் செம்மண் பாதையில் இன்னும் ஒரு மணி நேரம். மாக்குவேனிப் பகுதி. மச்சாகோஸ், கிடுய், மாக்குவேனி மூன்றும் சேர்ந்த காம்பா மக்களின் நிலத்தை உக்காம்பானி என்கிறார்கள்.

அது செப்டம்பர் மாதம். ஊருக்குக் கீழே ஓர் ஆறு. ஆறு என்றால் மணல்தான். மழை பெய்த அன்று சில மணி நேரம் சீறிக்கொண்டு ஓடும். சில நாளில் வெறும் ஈர மணல் ஆகிவிடும். அந்த மணலில் இடுப்பளவு குழி தோண்டி அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஊறி வரும் நீரைப் பாதியாக வெட்டிய சுரைக்குடுவையால் வழித்து வழித்து, மஞ்சள் நிற 20 லிட்டர் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கேன் நிறைய 35 நிமிடம் ஆனது. அவருக்குப் பின்னால் 12 கேன்கள் வரிசையில் காத்திருந்தன. வைகை மணலில் ஊற்றுத் தோண்டியதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். அதனால் அந்தக் குழி எனக்குப் புதிதாக இல்லை. அந்த 35 நிமிடம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

நைரோபிக்குத் திரும்பி நாங்கள் ஏழு பேர் ஒன்றுசேர்ந்தோம். நண்பர், அவருடைய அக்கா (செவிலியர்), ஒரு சிவில் பொறியாளர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு கடைக்காரர், நான். பெயர்ப்பலகை, அலுவலகம் எதுவும் கிடையாது. மாதா மாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டோம், தெரிந்தவர்களிடமும் கேட்டோம்.

முதலில் செய்ததே தவறாகப் போனது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரையில் கிணறு வெட்டி அஃப்ரிடெவ் கைப்பம்பு பொருத்தினோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் பம்பு அது. ஊர்க்காரர்களே கழற்றிப் பழுது பார்க்கலாம் என்றுதான் 1980-களில் அதை வடிவமைத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது எங்கள் பொறியாளர், பம்பை வாங்கியது நாங்கள், கொத்தனார் நைரோபி ஆள். திறப்பு நாளில் பாட்டும் ஆட்டமுமாக ஊரே கூடியது. நாங்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

எட்டு மாதம் கழித்துப் போனபோது பம்பின் கைப்பிடியில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது. நைரோபியில் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுகூட ஆகாத சாமான் அது. தேய்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெண்கள் பழையபடி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். வயதான அம்மா ஒருவர் கோபம் இல்லாமல்தான் பதில் சொன்னார்: “உங்கள் பம்பு கெட்டுப்போனது. நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று இருந்தோம்.”

உங்கள் பம்பு. அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் அது உண்மை. எங்கே வேண்டும், எப்படி வேண்டும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. வளையம் எங்கே கிடைக்கும், யார் மாற்றுவது, காசு யார் கையில் இருக்கும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் போட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், தண்ணீர் எடுப்பவர்களோ பெண்கள். நாங்கள் சனிக்கிழமை போனோம், எங்களுக்கு அன்றுதான் விடுமுறை. அவர்களுக்கு அது சந்தை நாள். பெண்கள் பாதிப் பேர் பயறு விற்கப் போயிருந்தார்கள்.

அந்த ஊரில் எதுவும் இல்லை, நாம்தான் தொடங்கிவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தோமே, அது இதைவிடப் பெரிய பிழை. எங்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே ம்வெத்யா இருந்தது. காம்பா மக்களின் கூட்டு உழைப்புக் குழு. ஒரு வீட்டுக்குக் கூரை போட வேண்டுமா, காடு திருத்த வேண்டுமா, அக்கம்பக்கத்தார் ஒன்றாக வந்து செய்வார்கள். அடுத்த முறை அடுத்த வீடு. உக்காம்பானியின் சரிவுகளை மலையில் நின்று பார்த்தால் படிப்படியாக வரப்பு கட்டியிருப்பது தெரியும். சமமட்டத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டி மண்ணை மேல்பக்கம் வீசுவார்கள். மழைக்கு மழை மண் படிந்து தானாகப் படி உருவாகும். ‘ஃபன்யா ஜூ’ என்று அதற்குப் பெயர், மேலே போடு என்று பொருள். ஆங்கிலேயர் காலத்தில் அரிப்பைத் தடுக்கும் வேலையைக் கட்டாயமாக வாங்கியபோது மக்கள் அதை வெறுத்தார்கள். பிற்பாடு தங்கள் நிலத்துக்காகத் தங்கள் குழுவில் தாங்களே எடுத்துச் செய்தபோது மச்சாகோஸ் மலைகளே மாறிப்போயின. 1930-களில் இருந்ததைவிட ஐந்து மடங்குக்கு மேல் மக்கள் பெருகிய பிறகும், 1990 வாக்கில் அந்த நிலம் முன்பைவிட நல்ல நிலையில் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் போய்த்தான் நாங்கள் கூட்டாக உழைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நினைத்தோம்.

சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டு. ‘ம்கேனி சிகு ம்பிலி, சிகு யா டாடு ம்பே ஜெம்பே.’ விருந்தாளி இரண்டு நாளைக்கு. மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. பம்பு விவகாரத்துக்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் எந்தத் திட்டமும் கொண்டுபோகவில்லை. மாதம் ஒரு வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு ம்வெத்யா வேலை நாளில் போய் நின்றோம். மூன்றாவது முறை குழுத் தலைவி எதுவும் பேசாமல் என்னிடம் ஒரு ஜெம்பேயை நீட்டினார். அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் ‘மாமா’. அம்மா என்று பொருள். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னாருடைய மாமா என்பார்கள். அவரை நான் கடைசிவரை வெறும் ‘மாமா’ என்றே கூப்பிட்டேன். தமிழ்க் காதுக்குப் பழகச் சில மாதம் ஆனது.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி நடுப்பகல் வரை வேலை. ஒருவர் பாட்டெடுப்பார், மண்வெட்டிகள் அந்தத் தாளத்துக்கு விழும். ஓரத்தில் பெரிய பானையில் முத்தோகோய் வேகும். தோல் நீக்கிய மக்காச்சோளமும் பயறும் சேர்ந்தது. மண் அள்ளும் இரும்புச் சட்டியை ‘கராய்’ என்றார்கள், கடையை ‘டூக்கா’. இரண்டும் இந்தியாவிலிருந்து போன சொற்கள் என்று உணர்ந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. என் பத்து நிமிட வேலை அங்கிருந்த ஐம்பது வயது அம்மாவின் மூன்று நிமிட வேலைக்குச் சமம். ஆனால் அந்த வரிசையில் நின்றபோதுதான் பேச்சு வந்தது. எந்த வீட்டில் கழுதை இல்லை, யார் விடியற்காலை மூன்று மணிக்குக் கேனோடு கிளம்புகிறார், பம்பு வைத்த இடம் ஏன் தப்பு (அந்த நிலத்துக்காரருக்கும் மேலத்தெருக் குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை) எல்லாம் அங்கேதான் தெரிந்தது.

அப்படியொரு நாளில் மாமாவே சொன்னார்: “எங்களுக்கு வேண்டியது மணல் அணை.”

மச்சாகோஸில் அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒன்று இருக்கிறதாம். அந்தப் பக்கத்தில் ஜோஷுவா முகுஸ்யா என்பவர் 1978-இல் அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்துத் தொடங்கிய உடூனி அமைப்பு நூற்றுக்கணக்கில் மணல் அணைகளைக் கட்ட உதவியிருக்கிறது. 2002-இல் இங்கிலாந்தில் எக்ஸலண்ட் டெவலப்மென்ட் என்ற சிறிய தொண்டமைப்பு உருவானதும் இந்த அணைகளுக்குக் கைகொடுக்கத்தான். முடிவை ஊர் எடுக்கும், உழைப்பை ஊர் கொடுக்கும், அவர்களால் முடியாததை மட்டும் வெளியார் கொண்டுவருவார்கள். எங்கள் ஏழு பேருக்கு அது பாடமாக அமைந்தது.

மணல் அணை நம் தடுப்பணை மாதிரிதான் தோன்றும், வேலை செய்யும் விதம் வேறு. ஆற்றின் குறுக்கே பாறைவரை தோண்டி, அந்தப் பாறைமேல் கருங்கல்லும் சிமென்டுக் கலவையுமாகச் சுவர் எழுப்ப வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் மணலை அடித்துவரும். கனமான மணல் சுவருக்குப் பின்னால் தங்கும், லேசான வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடும். ஒன்றிலிருந்து நான்கு மழைக்காலத்தில் பின்புறம் முழுக்க மணல் நிறைந்துவிடும். அந்த மணலின் கொள்ளளவில் 25 முதல் 40 விழுக்காடு தண்ணீர் நிற்கும். மேலே மணல் மூடியிருப்பதால் கொசு முட்டையிட வழியில்லை. சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெயில் நீரை உறிஞ்சுவதும் அநேகமாக நின்றுவிடும். மணலே வடிகட்டிவிடுவதால் தண்ணீரும் தெளிவாக வரும். ஆற்றில் வரும் வெள்ளத்தில் மிகச் சிறு பங்கைத்தான் அணை பிடித்துவைக்கிறது, அதனால் கீழூர்க்காரர்களோடு சண்டை வராது.

எல்லா ஆற்றுக்கும் இது ஆகாது. பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும், மணல் பருமனாக இருக்க வேண்டும், கரை உறுதியாக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த நான்கு இடங்களில் மூன்றைக் கைவிட்டோம். நான்காவதைக் காட்டியது மாடு மேய்க்கும் ஒரு முதியவர். கோடையில் கடைசியாக வற்றும் இடம் எது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பொறியாளர் இரும்புக் கம்பியை இறக்கிச் சோதித்தபோது இரண்டு மீட்டரில் பாறை தட்டுப்பட்டது.

அணைக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேலே உள்ள சரிவுகளில் வரப்பு வெட்டாமல் அணை கட்டினால் வயல் மண் கரைந்து வந்து மணலோடு கலக்கும். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சேறுதான் பிடிக்கும். ஒவ்வொரு வீடும் தன் நிலத்தில் ஃபன்யா ஜூ வெட்டி முடித்த பிறகே அணைக்குச் சிமென்டு வாங்குவது என்று குழு தானே ஒரு விதி போட்டுக்கொண்டது. அதற்கு ஒரு வருடம் பிடித்தது. எங்களில் இரண்டு பேருக்குப் பொறுமை போய்விட்டது. பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லையே என்றார்கள். அந்த வருடத்தைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் குறு மழையைத்தான் நம்பிப் பயிர் செய்வார்கள். வரப்பு வெட்டிய வயல்களில் அந்த மழைக்கே துவரையும் பச்சைப்பயறும் தேறி நின்றன. அணை வருவதற்கு முன்பே குழுவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

அந்த ஒரு வருடம் முடிந்த பிறகே கட்டுமானம் தொடங்கியது. கல்லைப் பெண்கள் பொறுக்கிக் குவித்தார்கள், கலவைக்கான தண்ணீரைக் கழுதைகள் சுமந்தன. சிமென்டு, கம்பி, கொத்தனார் கூலி எங்கள் பொறுப்பு. சுவரின் இரண்டு முனைகளையும் கரைக்குள் ஆழமாகப் புதைத்தே ஆக வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் வெள்ளம் சுவரைத் தொடாமல் கரையை அரித்துக்கொண்டு பக்கவாட்டில் போய்விடும். பக்கத்து ஊரில் அப்படி அநாதையாக நின்ற ஒரு சுவரை எங்கள் கொத்தனார் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டினார்.

கணக்கு என் பொறுப்பு. முதல் அறிக்கையில் சிமென்டு மூட்டை, கம்பி, லாரி வாடகை என்று எழுதி, மொத்தமும் எங்கள் செலவு என்று காட்டியிருந்தேன். குழுவின் செயலாளர், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், அதைப் படித்துவிட்டு, “நாங்கள் எங்கே இருக்கிறோம்?” என்று கேட்டார். அன்று இரவு லாந்தர் வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருவரும் வந்த நாளை அந்த ஊர்த் தினக்கூலியால் பெருக்கினோம். கல்லுக்கும் மணலுக்கும் கழுதைக்கும் அந்த வட்டார விலையைப் போட்டோம். எல்லாம் கூட்டிப் பார்த்தபோது எங்கள் பணம் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகு எங்கள் அறிக்கைகளில் ஊரின் பங்குதான் முதல் வரி. இப்படி எழுதியதால் நன்கொடை குறையவில்லை. ஊர்க்காரர்கள் எங்களிடம் பேசும் முறை மாறிவிட்டது. கலவையில் சிமென்டு குறைகிறது என்று ஒரு நாள் மாமாவே வேலையை நிறுத்திக் கொத்தனாரை நன்றாகக் கேட்டார்.

2009-இல் கென்யாவெங்கும் கடும் வறட்சி. ஒரு நிவாரண அமைப்பு வேலைக்கு உணவு என்ற திட்டத்தோடு வந்து, சாலை வேலைக்கு மக்காச்சோளம் அளந்தது. பசிக்கிற நேரத்தில் அது வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ம்வெத்யாவுக்கு வரும் கூட்டம் பாதியானது. “அங்கே சோளம் தருகிறார்கள், இங்கே என்ன தருகிறீர்கள்?” என்று இளைஞர்கள் கேட்டார்கள். நாமும் கொடுத்தால் என்ன என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நல்லவேளையாகக் குழுவிடமே கேட்டோம். கொடுக்காதீர்கள், வேலையை நிறுத்திவைப்போம், மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏழு மாதம் எந்த வேலையும் நடக்கவில்லை. மழை வந்தது, ஆட்களும் வந்தார்கள். கூலி கொடுத்திருந்தால் நாங்கள் வேலை கொடுப்பவர்களாகியிருப்போம், கூலி நின்ற நாளில் குழுவும் நின்றிருக்கும்.

பணப்பெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் 22 பேர் தனியாக ஒரு சேமிப்புக் குழு நடத்தினார்கள். 1991-இல் நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கி, ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய முறை அது. இரும்புப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். எல்லார் கண் முன்னாலும்தான் பெட்டியைத் திறப்பார்கள், எண்ணுவார்கள், கடன் கொடுப்பார்கள். ஆண்டுக் கடைசியில் சேமிப்பும் வட்டியும் பங்கு பிரித்து, பெட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாதிரி வங்கிக் கடனை நோக்கிப் போகிற ஏற்பாடு அல்ல இது. வங்கி 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு இதுதான் பொருந்தும்.

நல்லெண்ணத்தில் நாங்கள் அந்தப் பெட்டியில் ஒரு நன்கொடையைப் போட்டோம். அந்த ஆண்டு மட்டும் கடன் திரும்பவில்லை. சேமித்த பணத்தைச் சூடான பணம் என்றும், வெளியிலிருந்து வரும் பணத்தைக் குளிர்ந்த பணம் என்றும் ஆப்பிரிக்காவில் சொல்வதுண்டு. பக்கத்து வீட்டுக்காரி முட்டை விற்றுப் போட்ட காசைத் திருப்பாமல் இருக்க யாருக்கும் மனம் வராது. நைரோபிக்காரர் போட்ட காசு அப்படி உறுத்தாது. பொருளாளர் எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் பெட்டிப் பக்கம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்களும் அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

2012-க்குள் இரண்டு அணைகள் நிறைந்துவிட்டன. முதல் அணைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிப் பழைய பம்பைக் கழற்றி அங்கே மாட்டினார்கள். மாதம் வீட்டுக்கு 20 ஷில்லிங் பம்புக் கணக்கில் சேர்ந்தது. ரப்பர் வளையம் இரண்டு, எப்போதும் மாமா வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். இரண்டு பெண்கள் அரை மணி நேரத்தில் பம்பைக் கழற்றி மாட்டுவார்கள். நான் பார்த்த அந்தச் செப்டம்பர் குழிக்குப் பதிலாக இப்போது அணை மணலில் இரண்டு சாண் தோண்டினாலே கழுதைக்குத் தண்ணீர் கிடைத்தது.

2015-இல் நான் ஊர் திரும்பும் முன் கடைசியாகப் போனேன். செயலாளர் ஒரு கட்டு நோட்டுகளைக் கொடுத்து, கணக்குப் பிள்ளை ஆயிற்றே, ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போங்கள் என்றார். மரத்தடியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புரட்டினேன். 2007-ஆம் ஆண்டு நோட்டில் ‘வகேனி’ என்று ஒரு தனிப் பகுதி இருந்தது. விருந்தினர். சர்க்கரை, ரொட்டி, பால், கோழி ஒன்று, கோழி இரண்டு. நாங்கள் போன ஒவ்வொரு நாளும் தேதியோடு இருந்தது. அந்த ஆண்டில் அவர்கள் பம்பு வளையத்துக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. எங்களுக்குச் சாப்பாடு போட ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களில் யாராவது இப்படி ஒரு ஊருக்குப் போவதாக இருந்தால் சோற்றைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது அவர்கள் பானையில் உங்கள் பங்கு சோளத்தைப் போடுங்கள்.

2009 நோட்டில் அந்தப் பகுதி அரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. 2011-இல் இரண்டே வரி. அதற்குப் பிறகு அந்தத் தலைப்பே இல்லை. எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். ம்வெத்யா வருகைப் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில், 47-ஆம் எண்ணில் என் பெயர் இருந்தது. வந்த நாள்களுக்கு நேரே கோடு. சொல்லாமல் வராத நாள் 2. அபராதம் 100 ஷில்லிங், நிலுவை.

கட்டினேன். பொருளாளர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்.